விசில் தடுமாறும் இடங்கள்: கூடைப்பந்து கேள்வி-பதில்

வேலூர் வட்டாரப் பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் எழுந்த சந்தேகங்கள். பதில்கள் ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதிப்படி.

24 நொடி பஸ்ஸர் (ஷாட் அடிக்க ஓர் அணிக்குள்ள நேரம் முடிந்ததைச் சொல்லும் ஒலி) அடித்தபோது, ஷாட் அடித்த பந்து காற்றில் இருந்தது. போர்டில் மட்டும் பட்டு, ரிங்கைத் தொடாமல் விழுந்தது. நடுவர் ஆட்டத்தை நிறுத்தவில்லை. சரியா? (காட்பாடி)

பந்தை யார் பிடித்தார்கள் என்று பாருங்கள். எதிரணி உடனே, சந்தேகத்துக்கு இடமின்றிப் பிடித்திருந்தால் பஸ்ஸரை மறந்துவிடலாம். அடித்த அணியே பிடித்தாலோ, இரு அணியும் தட்டிக்கொண்டிருந்தாலோ வயலேஷன் (விதிமீறல்), எதிரணிக்கு த்ரோ-இன் (கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே போடுவது). போர்டில் பட்டது கணக்கில் வராது. ரிங்கைத் தொட்டிருந்தால் வயலேஷனே இல்லை. அடித்த அணியே ரீபவுண்டு (விழாமல் திரும்பும் பந்து) எடுத்தால் புதிதாக 14 நொடி. கூடைக்குள் விழுந்தால் புள்ளி உண்டு.

ஷாட் கிளாக் (அந்த 24 நொடியைக் காட்டும் கடிகாரம்) இல்லாத திறந்தவெளி கோர்ட்டில் ஸ்கோர் மேசையிலிருந்து விசில் ஊதி நேரம் சொன்னால் வம்புதான். நடுவர் விசில் என்று நினைத்துப் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். மேசைக்கு மணியோ ஹார்னோ கொடுங்கள்.

ரீபவுண்டில் எங்கள் பையன் தட்டிய பந்து எங்கள் கூடையிலேயே விழுந்துவிட்டது. (குடியாத்தம்)

எதிரணிக்கு 2 புள்ளி. கோர்ட்டில் அப்போது எதிரணி கேப்டனாக இருப்பவர் கணக்கில் எழுதுங்கள். வேண்டுமென்றே போட்டால் வயலேஷன், புள்ளி கிடையாது.

ரிங்குக்கும் போர்டுக்கும் நடுவே பந்து சிக்கியது. எடுத்து ஜம்ப் பால் (இரு அணி வீரர்களுக்கு நடுவே பந்தைத் தூக்கிப் போடுவது) போட்டோம். (ராணிப்பேட்டை)

அது ஜம்ப் பால் சூழ்நிலைதான். ஆனால் பந்தைத் தூக்கிப் போடுவது ஆட்டத் தொடக்கத்தில் மட்டும். பிறகெல்லாம் அடுத்த முறை பந்து எந்த அணிக்கு என்று காட்டும், மேசையிலுள்ள அம்புக்குறிதான். அது காட்டும் அணிக்கு எண்ட் லைனிலிருந்து (கூடைக்குப் பின்னால் உள்ள கோடு) த்ரோ-இன். அடித்த அணிக்கே கிடைத்தால் 14 நொடி, மற்ற அணிக்கு 24. த்ரோ-இன் முடிந்ததும் அம்பைத் திருப்ப வேண்டும். பாதி ஆட்டத்தில் பக்கம் மாறும்போதும் திருப்ப வேண்டும்; பலர் கோட்டைவிடுவது இங்கேதான். இரண்டு ஃப்ரீ த்ரோவில் (ஃபவுலுக்காகத் தடையின்றி அடிக்கும் ஷாட்) முதலாவது சிக்கினால் இதெல்லாம் வேண்டாம், பந்தை எடுத்துக் கொடுத்து இரண்டாவதை அடிக்கச் சொல்லுங்கள்.

பந்து நடுவர் மேல் பட்டால்? போர்டின் பின்னால் பட்டால்? (ஆம்பூர்)

நடுவர் தரைக்குச் சமம். உள்ளே நின்றால் ஆட்டம் தொடரும், கோட்டை மிதித்திருந்தால் அவுட். போர்டின் பின்பக்கம் அவுட். விளிம்பு அவுட் இல்லை.

எங்கள் கோர்ட்டில் இரண்டு மூன்று-புள்ளிக் கோடுகள் தெரிகின்றன. (வேலூர்)

உள்ளே இருப்பது பெரும்பாலும் பழைய 6.25 மீட்டர் கோடு. 2010 முதல் 6.75. ரிங்கின் நடுவுக்கு நேர் கீழிருந்து கோட்டின் வெளி விளிம்புவரை டேப் பிடித்து அளங்கள். கோட்டை மிதித்து அடித்தால் 2 புள்ளிதான். அந்த ஷாட்டில் ஃபவுல் ஆகி, பந்தும் விழாவிட்டால் ஃப்ரீ த்ரோவும் இரண்டுதான். பழைய கோட்டை அழிக்க முடியாவிட்டால், எது கணக்கு என்று ஆட்டம் தொடங்கும் முன்பே இரு கேப்டன்களிடமும் காட்டிவிடுங்கள்.