பிளஸ் ஒன் படிக்கும் மகளுக்குத் தினமும் காலையில் படபடப்பு, மூச்சுத் திணறல். டெஸ்ட் எல்லாம் நார்மல். நடிக்கிறாளா? டிசி வாங்கிவிடலாமா?

நடிக்கவில்லை. நீங்கள் எழுதியிருப்பது எல்லாம் எனக்கும் பதினாறு வயதில் இருந்தது. பள்ளி வேன் வரும் நேரத்துக்கு வயிற்றைப் பிசையும், மூச்சு முட்டும், லீவு என்று சொன்னதும் அரை மணி நேரத்தில் சரியாகிவிடும். "லீவு என்றதும் சரியாகிறதே, அப்போ நடிப்புதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். பயம் என்றால் அப்படித்தான் இருக்கும். பயந்த விஷயம் விலகினால் உடம்பும் அடங்கிவிடும்.

பத்தாவது வரை நான் தமிழ் மீடியம். பிளஸ் ஒன்னில் இங்கிலீஷ் மீடியம் சேர்த்தார்கள். இயற்பியல் வகுப்பில் பாடத்தை வரிசையாக எழுந்து வாசிக்க வேண்டும். என் முறை நெருங்க நெருங்க விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகும். பக்கவாதம் வந்துவிட்டது என்றே நினைத்தேன். வேகவேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, அதனால் வரும் மரப்பு அது என்று அப்போது யாரும் சொல்லவில்லை. ஈசிஜி நார்மல். கேஸ் டிரபிள் என்று ஒரு டாக்டர் சிரப் எழுதிக் கொடுத்தார். பாட்டி வேப்பிலை அடித்து, கையில் கயிறு கட்டிவிட்டார். பாட்டியின் கை தலையில் பட்டது இதமாகத்தான் இருந்தது. மறுநாள் பஸ் ஸ்டாப்பில் மறுபடியும் அதே மரப்பு.

கடைசியில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போனோம். யாராவது பார்த்துவிட்டால் நாளைக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கும்போது என்ன ஆகும் என்று அம்மா முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். டாக்டர் அம்மாவைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என்னிடம் தனியாகப் பேசினார். அதன் பிறகுதான் வாசிக்கும் பயத்தையே வாய்விட்டுச் சொன்னேன். உங்கள் மகளுக்கும் அந்தத் தனிமை கிடைக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் சொன்ன முக்கியமான விஷயம் இது. ஒவ்வொரு லீவும் பயத்தை வளர்க்கும். வீட்டில் இருந்ததால்தான் தப்பித்தோம் என்று மூளை கற்றுக்கொள்ளும், அடுத்த நாள் வாசல் தாண்டுவது இன்னும் கஷ்டமாகும். அதற்காக அடித்து இழுத்துக்கொண்டு போய் விடுவதும் கூடாது. எனக்குப் படிப்படியாகப் போட்டுக் கொடுத்தார்: முதலில் யூனிஃபார்ம் போட்டு கேட் வரை, அப்புறம் நூலகத்தில் உட்காருவது, அப்புறம் ஒரு பீரியட். வாசிக்கச் சொல்லி என்னைத் திடீரென்று எழுப்பக் கூடாது என்று வகுப்பாசிரியரிடம் அம்மா பேசினார். படபடப்பு வந்தால் எழுந்து ஓடாமல், இழுப்பதைவிட மெதுவாக மூச்சை வெளியே விட்டுக்கொண்டு அங்கேயே இருக்க வேண்டும். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் அது உச்சிக்குப் போய், தானாக இறங்கத் தொடங்கும். அதை என் உடம்பிலேயே பார்த்த பிறகுதான் தைரியம் வந்தது.

மாத்திரை எல்லோருக்கும் தேவைப்படாது. கொடுத்தால் பயப்பட வேண்டாம். பதற்றத்துக்கு வழக்கமாகத் தரும் மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரம் ஆகும். டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது.

இன்னொன்று கட்டாயம் கேளுங்கள். பள்ளியிலோ வேனிலோ யாராவது அவளைச் சீண்டுகிறார்களா, தொடுகிறார்களா? நிஜமான ஆபத்து இருக்கும் இடத்துக்குப் படிப்படியாகப் பழக்குவது சிகிச்சை ஆகாது. அப்படி ஏதாவது இருந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழையுங்கள். சாக வேண்டும் போல இருக்கிறதா என்றும் நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த நினைப்பு புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 10 முதல் 19 வயதுள்ளவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதாவது ஒரு மனநலப் பிரச்சினை இருக்கிறது. அவள் வகுப்பிலேயே இன்னும் சிலர் இருப்பார்கள். இதை அவளிடமும் சொல்லுங்கள்.

டிசி இப்போது வாங்காதீர்கள். முதலில் 14416க்கு போன் செய்யுங்கள். 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்னும் அரசின் மனநலத் தொலைபேசி ஆலோசனைச் சேவை அது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். பிறகு மனநல மருத்துவரைப் பார்த்து, சான்றிதழ் வாங்கித் தலைமை ஆசிரியரிடம் கொடுத்து, கொஞ்ச நாளைக்குப் பாதி நாள் வர அனுமதி கேளுங்கள். பள்ளி மாற்றுவதா வேண்டாமா என்பதை, அவள் மறுபடி வகுப்பில் உட்கார ஆரம்பித்த பிறகு அவளையே கேட்டு முடிவு செய்யலாம்.