பிராட்வே கணக்கு: அரங்கம் நிறைந்தும் நஷ்டமா?

நாடகத் தயாரிப்பு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்தவள் நான். நியூயார்க் பிராட்வே மேடைகளின் வரவு செலவு பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்.

கேள்வி: அக்கா, ஒரு மியூசிக்கல் (பாட்டும் நடனமும் கலந்த நாடகம்) பார்க்க நாலு பேருக்கு எழுநூறு டாலர் ஆயிற்று. அப்படி என்னதான் செலவு?

இரண்டு செலவு இருக்கிறது. முதல் காட்சிக்கு முன்பே செட், உடை, ஒத்திகை, விளம்பரம் என்று கொட்டும் முதலீடு ஒன்று. பெரிய மியூசிக்கலுக்கு இன்று 2 கோடி டாலர் என்றால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. 2015-ல் வந்த 'ஹாமில்டன்' மியூசிக்கல் 1.25 கோடியில் முடிந்தது. 'ஸ்பைடர்மேன்' மியூசிக்கல் சுமார் 7.5 கோடியை விழுங்கி, 2014 ஜனவரியில் மூடியது. மற்றது வாரச் செலவு: நடிகர்கள், இசைக்குழு, மேடைப் பணியாளர்கள், அரங்க வாடகை. நாடகத்தைச் சாய்ப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான்.

கேள்வி: முக்கால்வாசி அரங்கம் நிறைந்த நாடகத்தைக்கூட மூடிவிடுகிறார்களே, ஏன்?

நானே போட்ட ஒரு உதாரணக் கணக்கைப் பாருங்கள். 1,200 இருக்கை, வாரம் 8 காட்சி. ஆக 9,600 டிக்கெட். சராசரி விலை 100 டாலர், வாரச் செலவு 7 லட்சம். எழுதியவர், இயக்குநர், அரங்க உரிமையாளர் என்று வசூலில் சதவீதம் வாங்குபவர்களுக்கு 13 சதவீதம் என்று வையுங்கள்.

எல்லா இருக்கையும் விற்றால் வசூல் 9.6 லட்சம். எல்லாம் கழித்து மிஞ்சுவது சுமார் 1.35 லட்சம். போட்ட முதலீடு 1.8 கோடி என்றால், அதை எடுக்க இரண்டரை வருடம் தினமும் ஹவுஸ்ஃபுல்லாக ஓட வேண்டும். முக்கால் அரங்கம்தான் நிறைந்தது என்றால்? வாரம் 74 ஆயிரம் கைநஷ்டம். வெளியே நின்று பார்ப்பவருக்குக் கூட்டம் நன்றாகத்தான் தெரியும்.

இப்போது சராசரி விலையை மட்டும் 10 டாலர் ஏற்றுங்கள். இருக்கையும் செலவும் அப்படியே இருக்க, மிச்சம் சுமார் 2.19 லட்சமாகிவிடும், ஒன்றரை வருடம் சொச்சத்தில் போட்ட முதலீடு வந்துவிடும். தயாரிப்பாளர்கள் விலையைப் பிடித்துக்கொண்டு தொங்குவது இதனால்தான்.

கேள்வி: ஆளைக் குறைத்தால் செலவு குறையாதா?

அது அவ்வளவு சுலபமில்லை. வில்லியம் பௌமல், வில்லியம் போவன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1966-லேயே இதை ஆராய்ந்தார்கள். தொழிற்சாலையில் இயந்திரம் வந்தால் ஒரு ஆள் பத்து ஆள் வேலை செய்வார். ஆனால் நால்வர் வாசிக்கும் இசைக்கு அன்றும் நால்வர், இன்றும் நால்வர். சம்பளம் மட்டும் ஊரோடு சேர்ந்து ஏறும். போதாததற்குப் பெரிய அரங்குகளில் குறைந்தது இத்தனை இசைக்கலைஞர்கள் என்று தொழிற்சங்க ஒப்பந்தமும் உண்டு. அது நியாயம் என்பது என் கட்சி.

கேள்வி: 849 டாலருக்கு டிக்கெட் விற்பது கொள்ளை இல்லையா?

2016-ல் 'ஹாமில்டன்' நல்ல இருக்கைகளுக்கு வைத்த பிரீமியம் விலை அது. அதே இருக்கைகளைப் பிளாக்கில் விற்பவர்கள் ஆயிரத்துக்கு மேல் விற்றுக்கொண்டிருந்தார்கள். அதில் மேடையில் வியர்வை சிந்துபவருக்கு ஒரு காசு வராது. 2001-லேயே 'த புரொட்யூசர்ஸ்' 480 டாலர் இருக்கைகளைக் கொண்டுவந்ததும் இதே காரணத்துக்காகத்தான். 'ஹாமில்டன்' விலையை ஏற்றிய கையோடு, காட்சிக்கு 46 இருக்கைகளைக் குலுக்கலில் 10 டாலருக்குக் கொடுத்தது (நாடகத்தின் நாயகன் அலெக்சாண்டர் ஹாமில்டன்தானே 10 டாலர் நோட்டில் இருப்பவர்!). நட்சத்திரத்தை மட்டும் நம்பி விலை வைப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. 2025-ல் டென்சல் வாஷிங்டன் நடித்த 'ஒத்தெல்லோ'வுக்கு 921 டாலர் வரை போனது.

கேள்வி: அரங்க உரிமையாளருக்கு நஷ்டமே வராதா?

காலியாகக் கிடந்தால் வரும். பிராட்வேயில் இருப்பதே 41 அரங்குகள். பெரும்பகுதி மூன்று நிறுவனங்கள் கையில், அவற்றில் ஷூபர்ட் என்ற நிறுவனத்திடம் மட்டும் 17. வாடகையோடு வசூலிலும் பங்கு உண்டு. வசூல் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே தொடர்ந்து விழுந்தால், 'காலி பண்ணுங்கள்' என்று சொல்லும் உரிமையும் ஒப்பந்தத்திலேயே இருக்கும்.

கேள்வி: நம் ரஹ்மானின் 'பாம்பே ட்ரீம்ஸ்' அங்கே எப்படிப் போனது மேடம்?

லண்டனில் 2002-ல் தொடங்கி இரண்டு வருடம் ஓடியது. பிராட்வேயில் 2004 ஏப்ரலில் தொடங்கி, 284 காட்சிகளோடு 2005 புத்தாண்டு அன்று முடிந்தது. போட்ட முதலீடு திரும்பவில்லை.

கேள்வி: சேமிப்பில் கொஞ்சம் முதலீடு பண்ணலாமா அக்கா?

வேண்டாம் தம்பி. ஐந்து நாடகத்தில் ஒன்றுதான் முதலீட்டைத் திருப்பும் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் கணக்கு. அப்படித் திருப்பினாலும், அப்புறம் வரும் லாபத்தில் பாதி தயாரிப்பாளருக்கு. 35 வருடம் ஓடிய 'ஃபேன்டம் ஆஃப் தி ஆபரா'வைக் காட்டித்தான் உங்களைப் பிடிப்பார்கள்.

கேள்வி: மலிவாகப் பார்க்க வழி?

டைம்ஸ் ஸ்கொயரில் 1973 முதல் டிகேடிஎஸ் கவுன்டர் இருக்கிறது. அன்றன்று விற்காத இருக்கைகள் 20 முதல் 50 சதவீதம் தள்ளுபடியில் கிடைக்கும். ஜனவரி, பிப்ரவரியில் போங்கள், கூட்டம் குறைவு. கிறிஸ்துமஸ் வாரத்தில் மட்டும் போகாதீர்கள். திங்கட்கிழமையும் வேண்டாம், அன்று பெரும்பாலான அரங்குகளுக்கு விடுமுறை.