பெண் பிள்ளைகளும் கணக்குப் பாடமும்: ஓய்வு பெற்ற கணித ஆசிரியை பதில் அளிக்கிறார்

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பில் கணக்கில் 62 மதிப்பெண் எடுத்திருக்கிறாள். கணிதம், இயற்பியல், வேதியியல் அடங்கிய முதல் குரூப் கேட்கிறாள். "பெண் பிள்ளைக்கு வணிகவியல் போதும்" என்கிறார்கள் உறவினர்கள். (ஒரு தாய், திண்டுக்கல்)

பதில்: அவள் கேட்கும் குரூப்பிலேயே சேர்த்துவிடுங்கள், அம்மா. இதே 62 மதிப்பெண்ணை மகன் எடுத்திருந்தால், டியூஷன் வைத்தால் சரியாகிவிடும் என்றுதான் அதே உறவினர்கள் சொல்லியிருப்பார்கள். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வின் 200 மதிப்பெண் கட்-ஆஃபில் கணிதத்துக்கு மட்டும் 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்பதால், பதினோராம் வகுப்பில் கணிதத்தை விடும் பிள்ளைக்கு அந்த வழி பெரும்பாலும் அன்றே அடைபட்டுவிடுகிறது. திருப்புதல் தேர்வு விடைத்தாள்களை எடுத்து, மதிப்பெண் எங்கே போயிருக்கிறது என்று அவளோடு உட்கார்ந்து பாருங்கள். நான் பார்த்தவரை, பல பிள்ளைகளுக்குப் பிசகுவது பின்னங்களிலும் கழித்தல் குறியிலும்தான்; அதைச் சரிசெய்ய ஒரு கோடை விடுமுறை போதும்.

கேள்வி: மாணவிகள் வீட்டுப்பாடத்தைச் சரியாகச் செய்து வருகிறார்கள், கரும்பலகைக்கு அழைத்தால் எழுவதே இல்லை. (கணித ஆசிரியர், விழுப்புரம்)

பதில்: அவர்களுடைய ரஃப் நோட்டைப் பாருங்கள். என்னிடம் படித்த ஒரு மாணவி எல்லாவற்றையும் பென்சிலில் எழுதி, தவறான வரியை அழித்து அழித்துத் தாளையே கிழித்துவிடுவாள். தவறு பிறர் கண்ணில் படக் கூடாது என்ற பழக்கம் வீட்டிலிருந்தே வந்தது. "பெண் பிள்ளை நோட்டு சுத்தமாக இருக்க வேண்டும்" என்று நாமும் அதை வளர்த்திருக்கிறோம். அவளிடமிருந்து ரப்பரை வாங்கி வைத்துக்கொண்டு, தவறை ஒரே கோட்டால் அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போகச் சொன்னேன். நானும் கரும்பலகையில் வேண்டுமென்றே பிழையாகத் தொடங்கி, எந்த வரியில் பிசகினேன் என்று வகுப்பைக் கேட்பேன். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு ஒரு நாள் அவளே எழுந்து வந்து என் பிழையைத் திருத்தினாள். கேள்வி கேட்டதும் முதலில் கை தூக்குபவரை அழைக்காமல் அரை நிமிடம் பொறுத்துப் பாருங்கள், ஐயா.

கேள்வி: அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படிக்கிறேன். விண்வெளித் துறைக்குப் போக முடியுமா? (பதினோராம் வகுப்பு மாணவி)

பதில்: முடியும், கண்ணா. சூரியனை ஆராய 2023 செப்டம்பர் 2 அன்று இஸ்ரோ ஏவிய ஆதித்யா எல்-1 விண்கலத் திட்டத்தின் இயக்குநர் நிகார் ஷாஜி, செங்கோட்டையில் பிறந்து வளர்ந்து, திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்தவர். கல்லூரி முதல் ஆண்டில் ஆங்கிலம் உன்னைத் திணறடிக்கும். ஆகவே வகைக்கெழு என்று எழுதும்போதே பக்கத்தில் டெரிவேட்டிவ் என்றும், அணிக்கோவைக்குப் பக்கத்தில் டிடர்மினன்ட் என்றும் இப்போதே எழுதிப் பழகு. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத இடஒதுக்கீடும், மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு.

கேள்வி: வெளியூர் விடுதிக்கு மகளை அனுப்ப மனம் வரவில்லை. (ஒரு தந்தை, அறந்தாங்கி)

பதில்: உங்கள் கவலை நியாயமானது. சேர்க்கைக்கு முன்பே அவளோடு போய் விடுதியைப் பாருங்கள். காப்பாளரிடமும் இரண்டாம் ஆண்டு மாணவிகளிடமும் பேசுங்கள். சேர்ந்த பிறகு, பாடம் புரியவில்லை என்று அவள் தொலைபேசியில் அழுதால், ஊருக்கு வந்துவிடு என்று சொல்வதற்கு முன், எந்தப் பாடம், எந்தக் கணக்கு என்று கேளுங்கள்.