பீஸ் கணக்கு இல்லாத தையல்

வணக்கம் சார்,

வீட்டில் நீங்களே பை தைப்பது பற்றியும் மொட்டை மாடியில் நட்சத்திரம் பார்ப்பது பற்றியும் போன மாதம் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த தைரியத்தில் எழுதுகிறேன். எனக்கு வயது 54. திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் 22 வருடம் ஓவர்லாக் என்கிற, துணியின் ஓரம் பிரியாமல் தைக்கும் மெஷின் ஓட்டினேன். கழுத்து வலி தாங்க முடியாமல் இரண்டு வருடம் முன்பு நின்றுவிட்டேன். வீட்டில் மாமியார் காலத்துக் கால்மிதி மெஷின் இருக்கிறது. கட்டிங் வேஸ்ட்டைக் கிலோ கணக்கில் வாங்கி வந்து, பேத்திக்கு ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று தைக்க ஆரம்பித்தேன். பனியன் துணியையும் பழைய காட்டன் சேலையையும் சேர்த்துத் தைத்தால் ஓரமெல்லாம் அலை அலையாக நெளிகிறது. 22 வருடம் தைத்த எனக்கே ஏன் என்று புரியவில்லை.

ராத்திரி சாப்பிட்டதும் பேத்தியும் நானும் மாடிக்குப் போவோம். ஐந்தாவது படிக்கிறாள். அது என்ன, இது என்ன என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். எனக்குத் தெரிந்தது விடிவெள்ளியும் கார்த்திகையும்தான். கடையில் டெலஸ்கோப் 12 ஆயிரம் என்றார்கள். வாங்கலாமா?

இன்னொன்று. மகன் சொல்கிறான், "தைக்கிறதுதான் தைக்கிறீங்க, பத்துத் தைச்சு ஆன்லைன்ல வித்தா காசாவது வரும்ல. இல்லாட்டி பேசாம ரெஸ்ட் எடுங்கம்மா." அவன் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் போர்வை தைக்கும்போதும், கம்பெனியில் கூலிக்காக எண்ணியதுபோல, என் கை தானாகப் பீஸ் எண்ணுகிறது சார். மணிக்கு எத்தனை என்று மனசு கணக்குப் போடுகிறது. யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை என்று தெரிந்தும் எண்ணுகிறது. விற்காமல், ஓய்வும் எடுக்காமல் இப்படி உட்கார்ந்திருப்பது சரிதானா?

க., திருப்பூர்
ஜனவரி 2026

அன்புள்ள க. அவர்களுக்கு,

சரிதான். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிட்டேன், இனி மற்றதை நிதானமாகப் பேசலாம்.

போர்வையிலிருந்து தொடங்குகிறேன். நெளிவது உங்கள் கையின் குறை இல்லை, மெஷின் மாறியதுதான் காரணம். நீங்கள் ஓட்டிய ஓவர்லாக்கில் துணியைத் தள்ளுகிற பல் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு இருக்கும். முன்பல் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளும்படி வைத்திருப்பார்கள், அதனால் பனியன் துணி இழுபடாமல் ஓடும். மாமியாரின் மெஷினில் இருப்பது ஒரே பல். அது கீழே இருக்கும் துணியை மட்டும் ஒழுங்காக நகர்த்தும், மேலே இருப்பதை அந்த இரும்புப் பாதம் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். பனியன் துணி மேலே இருந்தால் நீண்டுகொண்டே போய், தைத்து முடித்ததும் சுருங்கி அலையாக நிற்கும். அதனால் பனியன் துணியைக் கீழே வையுங்கள், சேலைத் துணி மேலே இருக்கட்டும். பாதத்தின் அழுத்தத்தை மேலே உள்ள திருகில் கொஞ்சம் தளர்த்துங்கள், தையலைச் சற்று நீளமாக வையுங்கள். ஊசி முனை உருண்ட பால் பாயிண்டாக இருக்க வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம், வெட்டுவதற்கு முன்பே இரண்டு துணியையும் ஒரு முறை நனைத்துக் காயப்போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே பனியன் துணி தனியாகச் சுருங்கிவிடும்.

இதெல்லாம் மெஷினில் தைப்பதானால். எனக்கு வேறு ஒரு ஆசை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் போர்வையின் பாதியையாவது கையால் தையுங்கள்.

வட கர்நாடகத்தில் ஹலியாள், எல்லாப்பூர் பக்கம் சித்தி இனத்துப் பெண்கள் 'கவந்தி' என்ற போர்வை தைக்கிறார்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்டவர்களின் வம்சம் அவர்கள். பழைய சேலை ஒன்றை அடியில் விரித்து, ஒரு மூலையில் ஆரம்பித்து, கிழிந்த சட்டை, பாவாடை, லுங்கி என்று கையில் கிடைத்ததை வைத்து வெறும் ஓடுதையல் போட்டுக்கொண்டே ஓரத்தைச் சுற்றி வருவார்கள். ஒரு சுற்று முடிந்தால் அதற்கு உள்ளே அடுத்த சுற்று, அப்படியே நடுவுக்கு வந்து சேர்வார்கள். நான்கு மூலையிலும் துணியை மடித்து மடித்துப் பூப்போல ஒன்று வைப்பார்கள், அதன் பெயர் பூலா. முன்கூட்டிப் போட்ட வரைபடமோ அளவு டேப்போ கிடையாது. அடுத்த துணி எது என்பது அந்த நேரத்தில் கண் முடிவு செய்வது. இதைப் பார்த்த பிறகு நானும் அப்படி ஒன்று தைத்தேன், ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது. முடிக்கும் நாளில் வருத்தமாகக்கூட இருந்தது.

நான் கையால் தைக்கச் சொல்வது அந்த எண்ணிக்கைக்காகத்தான். கால் மிதியில் பட்டதும் உங்கள் உடம்புக்குக் கம்பெனி ஞாபகம் வந்துவிடுகிறது என்று நினைக்கிறேன். அந்தத் தாளம் ஒன்றுதானே. 22 வருடம், ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் முறை எண்ணியிருப்பீர்கள்! அந்த எண்ணிக்கையில்தான் வீட்டு வாடகையும் மகன் படிப்பும் ஓடியிருக்கிறது. அதை நிறுத்த வேண்டும் என்று மல்லுக்கட்ட வேண்டாம், எண்ணினால் எண்ணட்டும். கைத்தையலில் மணிக்கு எத்தனை என்று கேட்டால் ஒன்றும் வராது, ஒரு முழம் வந்தால் பெரிது. கொஞ்ச நாளில் கணக்குக்கு அங்கே வேலை இல்லாமல் போகும். என் நம்பிக்கை அது.

மகன் சொல்வதில் எனக்குக் கோபம் இல்லை, உங்களுக்கும் வேண்டாம். அம்மா தைத்தால் காசு வரும் என்று பார்த்தே வளர்ந்த பிள்ளை அவர், அம்மாவின் கழுத்து வலியையும் பார்த்தவர். அதனால்தான் 'வித்துடுங்க', 'ரெஸ்ட் எடுங்க' என்ற இரண்டு மட்டும் வாயில் வருகிறது. இரண்டுமே அன்புதான். ஆனால் இந்தப் போர்வையை விற்காதீர்கள். சொந்த அனுபவத்தில் சொல்கிறேன். மூன்று வருடம் முன்பு ஒரு கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை 40 வேண்டும் என்று கேட்டார்கள். நான் ஆசையாகத் தைக்கிற பைதானே என்று ஒத்துக்கொண்டேன். ஆறாவது பையிலேயே அடியில் வைக்கும் ஒட்டுத்துணி வேலையை விட்டுவிட்டேன், நேரம் இல்லை. பதினைந்தாவது பையில் எல்லாவற்றுக்கும் ஒரே நிறக் கைப்பிடி. 40-ஐயும் கொடுத்தேன், பணமும் சரியாக வந்தது, அவர்களும் சந்தோஷப்பட்டார்கள். அதற்குப் பிறகு எட்டு மாதம் மெஷின் மேல் போட்ட துணியை நான் எடுக்கவில்லை. கைக்கு வேலை இருந்தது, கண்ணுக்கு இல்லை. ஒவ்வொரு பைக்கும் இந்த நீலத்தின் பக்கத்தில் எது நிற்கும் என்று தேடுவேனே, அதில்தான் எனக்கு ருசி இருந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. பணத் தேவை இருந்தால் வேறு எதையாவது தைத்து விற்கலாம், அதில் தவறே கிடையாது. பேத்தியின் போர்வை அந்தக் கணக்கில் சேர வேண்டாம்.

இனி மாடிக்குப் போவோம்.

டெலஸ்கோப் இப்போது வேண்டாம். பெட்டியில் ஐந்நூறு மடங்கு பெரிதாகக் காட்டும் என்று போட்டு விற்பவை நிறைய இருக்கின்றன. 60 மில்லிமீட்டர் கண்ணாடி உள்ள டெலஸ்கோப்பில் 120 மடங்குக்கு மேல் போனால் படம் பெரிதாகுமே தவிரத் தெளிவாகாது. அதைவிட மோசம் அந்த ஒல்லி முக்காலி, தொட்டாலே வானம் முழுக்க ஆடும். குழந்தை இரண்டு நாள் பார்ப்பாள், மூன்றாம் நாள் அது பரணுக்குப் போய்விடும். அந்தப் பணத்தில் பாதிக்கும் குறைவாகவே நல்ல பைனாகுலர் கிடைக்கும். 7×50 அல்லது 10×50 என்று கேளுங்கள். முதல் எண் எத்தனை மடங்கு என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். அதையும் உடனே வாங்க வேண்டியதில்லை. முதல் ஒரு மாதம் வெறும் கண்.

மாடிக்குப் போனதும் 20 நிமிடமாவது கண்ணை இருட்டுக்குப் பழக விடுங்கள், போனைத் தொடக் கூடாது. வெளிச்சம் வேண்டுமென்றால் உங்கள் மூட்டையிலிருந்து சிவப்பு பனியன் துணி ஒன்றை எடுத்து டார்ச்சின் முகத்தில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவிடுங்கள். சிவப்பு வெளிச்சம் பழகிய கண்ணை அவ்வளவாகக் கெடுக்காது.

இந்த மாதம் இரவு எட்டு மணிவாக்கில் கிழக்கே பார்த்து நின்று, பாதி வானத்துக்கு மேல் அண்ணாந்தால் மூன்று நட்சத்திரம் நெருக்கமாக ஒரே வரிசையில் நிற்கும். அதற்கு இடது பக்கம் செம்மஞ்சளாக ஒன்று, வலது பக்கம் நீலம் கலந்த வெள்ளையாக ஒன்று. செம்மஞ்சள்தான் திருவாதிரை. மார்கழியில் களி கிண்டுகிறோமே, அதே ஆதிரை. சூரியன் இருக்கும் இடத்தில் அதைக் கொண்டுவந்து வைத்தால் பூமியையும் செவ்வாயையும் விழுங்கிவிடும், அவ்வளவு பெரியது. 2019 கடைசியிலிருந்து 2020 தொடக்கம் வரை அது பாதிக்கும் கீழே மங்கிப்போனது, என் மாடியிலிருந்து வெறும் கண்ணுக்கே தெரிந்தது. அது கக்கிய தூசி மறைத்ததுதான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். தினமும் பார்த்துப் பழகிய ஒன்று ஒருநாள் வாடி நிற்பதைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது, அதை மறக்கவே முடியாது.

நம் மாதங்களின் பெயர் எங்கிருந்து வந்தது என்று பேத்தியிடம் கேளுங்கள். பௌர்ணமி நிலா எந்த நட்சத்திரத்தின் பக்கத்தில் நிற்கிறதோ அதுதான் பல மாதங்களுக்குப் பெயர். கார்த்திகை தீபத்தன்று நிலா கார்த்திகைக் கூட்டத்தின் பக்கத்தில் இருக்கும், சித்ரா பௌர்ணமியன்று சித்திரை நட்சத்திரத்தின் பக்கத்தில். இந்த 2026-இல் பிப்ரவரி 1 தைப்பூசம், உங்கள் ஊர் வழியாகப் பழனிக்குப் பாதயாத்திரை போவார்கள். அன்று நிலா பூசத்தை ஒட்டி நிற்கும், ஆனால் அந்த வெளிச்சத்தில் பூசம் தெரியாது. ஒரு வாரம் கழித்து, நிலா தாமதமாக உதிக்கும் நாளில் பைனாகுலரை அங்கே திருப்பினால் ஒரு கொத்து நட்சத்திரம், கைப்பிடிச் சர்க்கரையைக் கறுப்புத் துணியில் சிந்தியதுபோல. திருப்பூர் வெளிச்சத்தில் வெறும் கண்ணுக்குக் கிடைக்காதது அது.

இந்த 2026 ஜனவரியில் இன்னொரு வசதி இருக்கிறது. கிழக்கே ஆதிரைக்குக் கீழே மினுக்காமல் பளிச்சென்று நிற்பது வியாழன், இப்போது புனர்பூசத்தின் பக்கத்தில் இருக்கிறது. பைனாகுலர் வந்ததும் முழங்கையை மாடிச் சுவரில் ஊன்றி ஆடாமல் பார்த்தால் அதன் இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் புள்ளிகள் தெரியும், அதிகபட்சம் நான்கு. 1610-ஆம் ஆண்டு இதே ஜனவரி மாதம் கலிலியோ பார்த்த அந்த நிலாக்கள். பேத்தியை ஒரு நோட்டில் நடுவில் வட்டம் போட்டுப் புள்ளிகளை இருக்கும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள், மறுநாளும் அதேபோல. இடம் மாறியிருக்கும். மிக உள்ளே இருப்பது 42 மணி நேரத்தில் ஒரு சுற்று முடித்துவிடும். யாரும் சொல்லித் தராமல் அவளே அதைக் கண்டுபிடிக்கட்டும், அவசரப்பட்டு நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் தையலும் வானமும் பக்கத்துப் பக்கத்தில் வந்ததால் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் எலன் ஹார்டிங் பேக்கர் என்று ஒரு பெண் இருந்தார். ஏழு பிள்ளைகளைப் பெற்றவர். அவர் கம்பளித் துணியில் சூரியக் குடும்பத்தையே ஒரு போர்வையாகத் தைத்தார். நடுவில் சூரியன், சுற்றிலும் கோள்களின் பாதைகள், அவற்றின் நிலாக்கள், ஒரு மூலையில் வாலோடு பெரிய வால்மீன். போர்வையில் 1876 என்று ஆண்டும் தைத்திருக்கிறார். முடிக்க ஏழு வருடம் ஆனது என்று அந்தக் காலப் பத்திரிகை ஒன்று எழுதியது. வால்மீனையும் சூரியப் புள்ளிகளையும் நேரில் பார்ப்பதற்காகச் சிகாகோ வானாய்வகம் வரை போனாராம். அந்தப் போர்வையை மாட்டிவைத்து ஊர் ஊராக வானியல் பாடம் நடத்தினார். இப்போது அது வாஷிங்டனில், ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் படத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் அந்த வால்மீனின் நூல்கள் மேல்தான் கண் போகும். வால் எப்படி விரியும் என்பதைக் கண்ணால் பார்த்த கை அது.

உங்கள் போர்வையில் கறுப்போ கருநீலமோ ஒரு துண்டு இருக்கும், திருப்பூர் மூட்டையில் இல்லாமல் போகாது. அதைப் பேத்தியின் தலைமாட்டுப் பக்கம் வைத்து, வெள்ளை நூலில் முடிச்சுத் தையல் போட்டுக் கார்த்திகையைத் தைத்துவிடுங்கள். எத்தனை முடிச்சு என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். எட்டரை மணிக்கு அது கிட்டத்தட்டத் தலைக்கு மேலே இருக்கும், பாயை விரித்துப் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்களுக்கு ஆறு தெரியும், எனக்கும் ஆறுதான். கூர்மையான கண் என்றால் ஏழு, எட்டு என்று போகும். அவளுக்கு எத்தனை தெரிந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.