சேமிப்பு வங்கியின் நூற்றாண்டு அஞ்சல்தலைகள்: கேள்வி பதில்

பிரிட்டனின் அஞ்சலகச் சேமிப்பு வங்கி தொடங்கி நூறாண்டு நிறைவடைந்ததையொட்டி 28.8.1961 அன்று மூன்று அஞ்சல்தலைகள் வெளியாயின. அவற்றைக் குறித்துச் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துச் சேகரிப்பாளர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர்: ஐயா, இவற்றில் நாட்டின் பெயரே இல்லையே. மாணவர்களுக்கு எப்படி விளக்குவது?

ஆசிரியை அவர்களே, 1840இல் உலகிலேயே முதலில் ஒட்டும் அஞ்சல்தலையை வெளியிட்ட பிரிட்டன், அன்றிலிருந்தே பெயருக்குப் பதிலாக அரசரின் அல்லது அரசியின் தலையை மட்டும் பொறித்து வருகிறது. இவற்றில் எலிசபெத் அரசியார் இருக்கிறார். மாணவர்களிடம் முதலில் 3 பென்னி அஞ்சல்தலையைக் காட்டுங்கள். கொட்டைகள் காய்க்கும் மரமும் அணிலும் ஆந்தையும் அதில் உள்ளன. சேமிப்பு வளர்வதைச் சொல்லும் படம் அது. 2½ பென்னி, 1 ஷில்லிங் 6 பென்னி ஆகிய மற்ற இரண்டிலும் உள்ள ‘த்ரிஃப்ட்’ (சிக்கனம்) என்னும் கடலோரச் செடி, 1937 முதல் பித்தளை 3 பென்னி நாணயத்தில் இடம்பெற்றதால், அந்நாட்டு மக்களுக்கு முன்பே பழக்கமானது.

பணி ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி: அத்தனை வங்கிகள் இருந்த நாட்டில் அஞ்சலகம் எதற்காகப் பணம் வாங்கியது?

வங்கிகள் இருந்தன, ஆனால் கூலிக்காரரின் சில்லறையை வாங்க அவை முன்வரவில்லை. ஏழைகளுக்கென்று நடந்த சேமிப்பு வங்கிகள் பல, வாரத்தில் சில மணி நேரமே திறந்திருந்தன. சிலவற்றில் பணம் கையாடப்பட்டது. ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் வங்கிப் பணியிலிருந்த சார்லஸ் வில்லியம் சைக்ஸ், ஊருக்கு ஊர் இருக்கும் அஞ்சலகமே இப்பணியைச் செய்யட்டும் என்று எழுதினார். அஞ்சல் துறை எழுத்தர் ஜார்ஜ் செட்விண்ட் அதை நடைமுறைத் திட்டமாக்கினார். நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் 1861 மே மாதத்தில் சட்டமாக்க, செப்டம்பர் 16 அன்று வங்கி திறக்கப்பட்டது. குறைந்த வைப்பு 1 ஷில்லிங் (அன்று 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு). ஆண்டுக்கு 30 பவுண்டுக்கு மேல் போட முடியாது. வட்டி 2½ விழுக்காடு, அதாவது ஒரு பவுண்டுக்கு மாதம் அரைப் பென்னி. வட்டி சிறிது என்பது உண்மையே. போட்ட பணத்துக்கு அரசாங்கமே பொறுப்பு என்ற உறுதிதான், அதுவரை பணத்தை வீட்டில் ஒளித்து வைத்தவர்களை அஞ்சலகத்துக்கு வரவழைத்தது என்பது என் கருத்து.

படிவம் ஐந்து மாணவர்: ஒரு ஷில்லிங்கும் சேராதவர்கள் என்ன செய்தார்கள்?

மிக நல்ல கேள்வி, தம்பி. 1880இல் அஞ்சல் துறைத் தலைவராக வந்த ஹென்றி ஃபாசெட், இளமையில் விபத்தொன்றில் இரு கண்களின் பார்வையையும் இழந்தவர். பன்னிரண்டு கட்டங்கள் கொண்ட ஒரு தாளை அவர் அறிமுகப்படுத்தினார். கையில் ஒரு பென்னி வரும்போதெல்லாம் ஒரு தலையை வாங்கிக் கட்டத்தில் ஒட்டி, பன்னிரண்டும் நிறைந்ததும் அஞ்சலகத்தில் கொடுத்தால், அது 1 ஷில்லிங் வைப்பாகக் கணக்கில் ஏறும். அஞ்சல்தலையே சேமிப்புப் பணமாக இருந்த காலம் அது. நூற்றாண்டுத் தலைகளில் ஒன்றாவது அந்தத் தாளைக் காட்டியிருக்கலாம் என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

வாசகி ஒருவர்: லயத்தில் வாழ்ந்த எங்கள் பாட்டியின் அஞ்சலகச் சேமிப்புப் புத்தகம் கிடைத்துள்ளது. அதையும் இந்தத் தலைகளுடன் ஒட்டி வைக்கலாமா?

ஒட்டாதீர்கள், அம்மா. மலாயாவிலும் இதே முறையில் அஞ்சலகச் சேமிப்பு வங்கி நடந்தது, 1.12.1974 முதல் அதன் பொறுப்புகளைத் தேசிய சேமிப்பு வங்கியான பேங்க் சிம்பானான் நேஷனல் ஏற்றுக்கொண்டது. முதலில் புத்தகத்தை அவ்வங்கிக் கிளைக்கு எடுத்துச் சென்று கணக்கின் நிலையைக் கேளுங்கள். பிறகு பசையோ செலோடேப்போ படாமல், தனி உறையில் இட்டுத் தலைகளுக்குப் பக்கத்தில் வையுங்கள். நாள்முத்திரையுடன் ஒவ்வொரு மலாயா வெள்ளியும் வரவு வைக்கப்பட்டிருக்கும் அந்தப் பக்கங்கள், என் பார்வையில், தலைகளைவிட அரியவை.

இளம் சேகரிப்பாளர்: கருப்பு நிறம் விடுபட்ட 2½ பென்னி தலை ஒன்று விலைக்கு வந்துள்ளது. வாங்கலாமா?

கருப்பும் சிவப்புமாக அச்சான அத்தலையில் கருப்பு விடுபட்ட பிழைப்படிகள் உண்மையிலேயே உண்டு. ஆயினும் நிறத்தை இரசாயனத்தால் அகற்றி ஏமாற்றுவோரும் இருப்பதால், நிபுணர் குழுவின் சான்றிதழ் இல்லாமல் ஒரு காசும் கொடுக்க வேண்டாம். பிழையில்லாத மூன்று தலைகளும் மலிவாகவே கிடைக்கும்.

மற்றொருவர்: என் தலைகளில் பழுப்புப் புள்ளிகள் தோன்றுகின்றனவே?

ஈரக்காற்றில் வளரும் பூஞ்சை அது. பாதிக்கப்பட்டவற்றை உடனே பிரித்துவிடுங்கள். ஆல்பத்தை நெருக்கி அடுக்காமல் நிறுத்தி வைத்து, அருகில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை இட்டு, அவ்வப்போது மாற்றுங்கள்.