புயல் அடித்த இலங்கைக்குப் பொங்கல் முடிந்து போகலாமா?

கேள்வி: நாங்கள் கோபிசெட்டிபாளையம். பங்காளி வீட்டார், என் பிறந்த வீட்டார் என்று 14 பேர், பொங்கல் முடிந்த கையோடு ஜனவரி 19ஆம் தேதி இலங்கைக்கு ஒரு வாரக் கோயில் சுற்றுலா போக முன்பணம் கட்டியிருக்கிறோம். திருச்சியிலிருந்து விமானம். முன்னேஸ்வரம், திருக்கோணேஸ்வரம், கண்டி, நுவரெலியா சீதையம்மன் கோயில், கதிர்காமம் என்று திட்டம். நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்துவிட்டது. சுற்றுலா ஏற்பாட்டாளர் 'ஒன்னும் பிரச்சினை இல்லைங்க, எல்லாம் சரியாயிருச்சு' என்கிறார். மெல்போர்னில் இருக்கும் மகன் 'போகவே கூடாது' என்கிறான். அம்மாவுக்கு 71 வயது. இன்சுலின் போடுகிறார், முழங்கால் மாற்று அறுவை செய்தவர். போவதா, நிறுத்துவதா? இத்தனை பேர் செத்த ஊருக்கு இப்போது கோயில் பார்க்கப் போவது சரிதானா என்றும் மனசு உறுத்துகிறது. திருப்பூரில் கொஞ்சம் பனியன் துணி வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்கலாமா?

பதில்: போங்கள். ஆனால் இந்தத் தடவை மலையேற வேண்டாம். நுவரெலியாவைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள், கண்டியை அங்கே போன பிறகு முடிவு செய்யுங்கள், மற்றதை வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று சொல்கிறேன். நான் மண்ணையும் சரிவையும் படித்தவன், சுற்றுலா நடத்துபவன் அல்ல. ஆகவே நீங்கள் போனாலும் நின்றாலும் எனக்கு ஒரு ரூபாய் வராது.

உங்கள் ஏற்பாட்டாளரும் மகனும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். இருவரும் 'இலங்கை' என்று மொத்தமாகப் பேசுகிறார்கள். பேரிடர் ஒரு நாடு முழுக்க ஒரே அளவில் விழுவதில்லை. இது நம் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டிய விஷயமே இல்லை. மேட்டுப்பாளையத்தில் சுள்ளென்று வெயில் அடிக்கும், பர்லியாறு தாண்டினால் மண் சரிந்து சாலை அடைத்துக் கிடக்கும், கோத்தகிரி வழியாகப் போனவர் அதற்குள் ஊட்டியில் டீ குடித்துக்கொண்டிருப்பார். 'நீலகிரி பத்திரமா?' என்று டில்லியிலிருந்து ஒருவர் கேட்டால் நாம் என்ன சொல்வோம்? எந்த ரோட்டில் வர்றீங்க என்று திருப்பிக் கேட்போம். இலங்கைக்கும் அதே கேள்விதான்.

டிட்வா நவம்பர் 28, 2025 வாக்கில் இலங்கையைத் தாக்கியது. 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் பெரும்பகுதி கண்டி, பதுளை, நுவரெலியா போன்ற மலை மாவட்டங்களில், காற்றினால் அல்ல, மண்சரிவினால். மலையகத்துக்குப் போகும் ரயில் பாதை பல இடங்களில் சிதைந்தது, மலைச் சாலைகள் அறுந்தன. அதே நாட்களில் களனி ஆறு பெருகிக் கொழும்பின் புறநகர்ப் பகுதிகளும் வெள்ளத்தில் மூழ்கின. புத்தளம், அநுராதபுரம் பக்கமும் தண்ணீர்.

இங்கேதான் நீங்கள் இரண்டு வகைச் சேதத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சமவெளியில் வெள்ளம் வடிந்துவிடும். சாலையில் சேறு, இடிந்த மதகு, உடைந்த சிறு பாலம் என்று மிச்சம் இருக்கும், ஆனால் அவை கண்ணுக்குத் தெரியும், பகல் வெளிச்சத்தில் சுற்றிப் போகலாம். மலைச்சரிவு அப்படி அல்ல. பெருமழை மண்ணுக்குள் இறங்கி, மண் துகள்களுக்கு இடையே நீரழுத்தத்தை ஏற்றி, பிடிமானத்தைத் தளர்த்திவிடுகிறது. சரிந்தது சரிந்தது போக, சரியாமல் வெடிப்போடு நிற்கும் சரிவுகள் நிறைய இருக்கும். பழைய மழையைவிடக் குறைந்த மழை வந்தால்கூட அவற்றில் சில இறங்கலாம். வானம் வெளுத்துவிட்டது, ரோடு திறந்துவிட்டது என்பதெல்லாம் அந்த வெடிப்புக்குத் தெரியாது. ஜனவரி அங்கே வடகீழ்ப் பருவமழைக் காலம், பதுளை பக்கத்துக் கிழக்குச் சரிவுகளில் மழை விட்டிருக்காது.

கண்டியிலிருந்து நுவரெலியா ஏறும் சாலை சுமார் 75 கிலோமீட்டர், கம்பளை, ரம்பொடை வழியாக. நல்ல நாளிலேயே இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும். சீதையம்மன் கோயில் நுவரெலியாவைத் தாண்டி பதுளை போகும் ரோட்டில், சீதா எலியாவில் இருக்கிறது. மேலே போன பிறகு கீழே பாதை அடைத்தால் இறங்க மாற்று வழிகள் உண்டு, ஆனால் அவையும் மலைச் சாலைகள்தான். 35 வயது ஆள் என்றால் ஒரு ராத்திரி கூடுதலாகத் தங்கிவிட்டு வருவார். இன்சுலின் போடும் 71 வயது அம்மாவோடு 14 பேர் மாட்டிக்கொள்வது வேறு கணக்கு. இன்னொன்றும் உண்டு. அறுந்த இடங்களில் இந்தியா விமானத்தில் அனுப்பிய பெய்லி பாலங்கள் போன்ற தற்காலிக இரும்புப் பாலங்களைப் போடுகிறார்கள். அவற்றில் எடைக் கட்டுப்பாடு இருக்கும். முதல் சில மாதங்கள் அந்தப் பாலங்கள் அரிசி லாரிக்கும் ஆம்புலன்ஸுக்கும் உரியவை. சுற்றுலா வண்டிகள் அங்கே வரிசையில் நிற்க வேண்டாம் என்பது என் கருத்து. பாதுகாப்பை விட்டுத் தள்ளினாலும் இந்தக் காரணத்துக்காகவே நான் மேலே போக மாட்டேன்.

சரி, திட்டத்தை எப்படி மாற்றுவது? கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவில் இறங்கி, கடற்கரையை ஒட்டிச் சிலாபம் போய் முன்னேஸ்வரம் பாருங்கள். அங்கிருந்து புத்தளம், அநுராதபுரம் வழியாகத் திருகோணமலை, முழுக்கச் சமவெளி. அநுராதபுரத்தில் ஒரு இரவு தங்கினால் அம்மாவின் முழங்காலுக்கு நல்லது. திருகோணமலையில் ஜனவரியில் மழை இருக்கலாம், குடையோடு போனால் சரி. கதிர்காமத்துக்கு மலை வழியாகக் குறுக்கே இறங்கும் திட்டம் இருந்தால் அதை அடித்துவிட்டு, கொழும்பு திரும்பி, தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் அம்பாந்தோட்டை பக்கம் போய்ச் சேருங்கள். கிலோமீட்டர் கூடும், இடுப்பு வலிக்கும், ஆனால் வழியில் மலையேற்றம் இல்லை. கண்டியை, குருநாகல் பக்கமிருந்து காலையில் போய் மாலைக்குள் திரும்பும் பயணமாக மட்டும் யோசியுங்கள், அதுவும் முந்தைய இரண்டு நாள் மழை இல்லாமல் இருந்தால்.

மண்சரிவு எச்சரிக்கையை இலங்கையில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் என்ற அரசு அமைப்பு கொடுக்கிறது. பிரதேசம் பிரதேசமாக, மஞ்சள், அம்பர் (செம்மஞ்சள்), சிவப்பு என்று மூன்று நிலை. மஞ்சள் என்றால் கவனம், அம்பர் என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் வெளியேறு. ஒரே நாளில் 75 மில்லிமீட்டர் மழை பெய்தாலே முதல் நிலைக்கு வந்துவிடுவார்கள். உங்கள் வழியில் உள்ள பிரதேசத்துக்கு மஞ்சள் இருந்தாலே கண்டியை விட்டுவிடுங்கள். அந்த ஊர்க்காரர்கள் மஞ்சளில் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை, உண்மைதான். ஆனால் அவர்களுக்கு அந்த மலை தெரியும், உங்களுக்குத் தெரியாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் (நம் ஊர்ப் பேச்சில் பேரிடர் மேலாண்மை மையம்) தொலைபேசி எண் 117, அவசர ஆம்புலன்ஸ் 1990, போலீஸ் 119. இந்த மூன்றையும் எல்லோர் போனிலும் ஏற்றிவிடுங்கள். இந்தியத் தூதரகம் கொழும்பில், அதன் துணை அலுவலகம் கண்டியில். யாழ்ப்பாணத்திலும் அம்பாந்தோட்டையிலும் துணைத் தூதரகங்கள் இருக்கின்றன.

ஏற்பாட்டாளரிடம் 'பாதுகாப்பா?' என்று கேட்காதீர்கள், ஆமாங்க என்றுதான் சொல்வார். ஒவ்வொரு நாளும் எந்த ரோடு, அந்த ரோட்டில் அவருடைய வண்டி கடைசியாக எப்போது போனது, அந்த ஓட்டுநரிடம் நேரடியாகப் பேச முடியுமா என்று கேளுங்கள். இதற்குப் பதில் சொல்லத் தடுமாறினால் அவருக்கும் தொலைக்காட்சியில் பார்த்ததுதான் தெரியும். மாற்றிய திட்டத்தை வாட்ஸ்அப்பில் அல்லாமல் கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ வாங்குங்கள், நுவரெலியா விடுதிப் பணம் எதில் கழிகிறது என்பது உட்பட. ஜனவரி 9ஆம் தேதியை முடிவு நாளாக வையுங்கள். அதுவரை வீட்டில் யாரும் இதைப் பற்றித் தினமும் விவாதிக்க வேண்டாம்.

பணம் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். விமான நிறுவனமே ரத்து செய்தால் பணம் திரும்ப வரும். நீங்கள் பயந்து ரத்து செய்தால் டிக்கெட்டின் விதிப்படிதான், கட்டணத்தில் பெரும்பகுதி போகலாம். அப்போதும் டிக்கெட்டில் அடங்கிய வரியையும் விமான நிலையக் கட்டணத்தையும் கேட்டு வாங்கப் பாருங்கள், இந்திய நிறுவனங்கள் அதைத் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. பயணக் காப்பீடு விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். புயல் அடித்த பிறகு எடுத்த பாலிசி, அந்தப் புயலால் வரும் ரத்துக்குப் பொதுவாகப் பணம் தராது, ஏற்கெனவே தெரிந்த நிகழ்வு என்று தள்ளிவிடுவார்கள். 'போக மனசில்லை' என்பது சாதாரணப் பாலிசியில் காரணம் கிடையாது. ஆனாலும் எடுங்கள், மருத்துவச் செலவுக்காக. அம்மாவின் சர்க்கரையையும் முழங்கால் அறுவையையும் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். சுற்றுலாத் தொகுப்புக்குப் பணம் வாங்கும்போதே பிடித்த வரி (டிசிஎஸ்), உங்கள் வரிக் கணக்கைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் ஏறியிருக்கிறதா என்றும் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளம் வடிந்த ஊர்களில் எலிக்காய்ச்சலும் டெங்குவும் தலைகாட்டும். எலிக்காய்ச்சல் கிருமி சேற்றுத் தண்ணீரிலிருந்து தோல் வெடிப்பு வழியாக உள்ளே போகும். கோயில் என்றால் செருப்பைக் கழற்றியாக வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் வெடிப்பு இருப்பதே பாதி நேரம் தெரியாது. எனவே ஈரமான பிரகாரத்தில் தடிமனான சாக்ஸ் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், காரணத்தைச் சொன்னால் குருக்கள் பொதுவாக மறுக்க மாட்டார். வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவித் துடைத்து, வெடிப்பு இருக்கிறதா என்று நீங்கள் பாருங்கள். முன்கூட்டியே மாத்திரை தேவையா என்பதை உங்கள் மருத்துவர் சொல்லட்டும். இன்சுலினைக் கைப்பையில், மருந்துச் சீட்டோடு, தேவைக்கு இரண்டு மடங்காக வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவை விட்டுவிட்டு மற்றவர்கள் போய்வரலாமா என்று யாராவது சொல்லியிருப்பார்கள். இந்தப் பயணமே அவருக்காகத்தான் என்று உங்கள் கடிதத்தைப் படித்தால் தெரிகிறது. பயணத்தை அவருக்கு ஏற்றபடி குறுக்குங்கள்.

உங்களைப் போலவே வேறு ஊர்களுக்குக் கிளம்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பேரிடரின் வகைக்கு ஏற்றாற்போல் அதன் வால் நீளும். நிலநடுக்கத்தில் அடுத்த அதிர்வுதான் பயம்: நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25இல் 7.8, மே 12இல் மறுபடி 7.3. ஆகவே முதல் ஒரு மாதம் விரிசல் விட்ட கட்டடத்தில் தங்காதீர்கள். எரிமலை என்றால் பிரச்சினை சாம்பல், 2017 நவம்பரில் பாலி விமான நிலையம் மூடியதுபோல் நீங்கள் ஊரில் பத்திரமாக இருந்தும் திரும்ப முடியாமல் போகும். தூரத்தையும் பாருங்கள். 2023 பிப்ரவரியில் துருக்கியின் தென்கிழக்கு நொறுங்கியபோது இஸ்தான்புல் பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அங்கே வியாபாரத்துக்குத் தனியாகப் போகும் திருப்பூர்க்காரர் எடுக்கும் முடிவும் குடும்பத்தோடு போகிறவர் எடுக்கும் முடிவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

மனசு உறுத்துகிறது என்றீர்கள். உறுத்தட்டும், ஆனால் அதற்காக நிறுத்தாதீர்கள். 2022இல் அந்நியச் செலாவணி இல்லாமல் பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற நாடு அது. சுற்றுலா அவர்களுக்குப் பெரிய வருமானம், அதிகம் வருவது இந்தியர்கள். வண்டி ஓட்டுநர், சாப்பாட்டுக் கடைக்காரர், கோயில் வாசல் பூக்காரி எல்லோரும் ஜனவரி வரவை நம்பி இருப்பவர்கள். மண்ணில் புதைந்த லயங்களை, அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளைப் பார்க்க மட்டும் போகாதீர்கள், செல்பி வேண்டவே வேண்டாம். அந்தத் தோட்டத் தொழிலாளர்களின் சொந்தக்காரர்கள் பலர் 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கே வந்து நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்கள். கூடலூரிலும் கோத்தகிரியிலும் இப்போது பல வீடுகளில் துக்கம் இருக்கும்.

துணி? மூட்டை கட்டிக்கொண்டு போக வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் யாரும் தொடாத பழந்துணிகள் சாலையோரம் குவிந்து கிடந்ததை எல்லோரும் பார்த்தோம். நீங்கள் புதுத் துணி என்கிறீர்கள், அது வேறு. ஆனாலும் 14 பேர் பெட்டியில் பிரித்து வைத்தாலும் சுங்கத்தில் கேள்வி வரும், போய்ச் சேர்க்க ஆளும் வேண்டும். உண்மையிலேயே கொடுக்க விருப்பம் என்றால் சென்னையில் இருக்கும் இலங்கைத் துணைத் தூதரகத்துக்கு முதலில் எழுதுங்கள். என்ன தேவை, எந்த அளவு, யார் பெயருக்கு அனுப்புவது என்று அவர்கள் சொன்ன பிறகு திருப்பூரில் வாங்குங்கள். மலையில் குளிர் அதிகம், பனியன் துணியைவிட ஸ்வெட்டரும் குழந்தைகளுக்கான முழுக்கைச் சட்டையும் கேட்பார்கள் என்று நினைக்கிறேன். அளவு வாரியாகப் பிரித்து, பெட்டியின் மேல் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி அனுப்புங்கள்.