நேரில் பார்த்து வரைந்தால் படம் ஏன் தட்டையாக வருகிறது? ராணிப்பேட்டை வாசகருக்குப் பதில்

"அண்ணா, எனக்கு 27 வயது. ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் லீவு. போட்டோவைப் பார்த்து வரைந்தால் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். நேரில் ஒரு பொருளை வைத்து வரைந்தால் அப்பளம் மாதிரி தட்டையாக வருகிறது. போன வாரம் வேலூர் கோட்டைக்குப் போய்க் கல்யாண மண்டபத்துத் தூண் ஒன்றை வரைந்தேன், பாதி முடிப்பதற்குள் நிழல் எங்கேயோ நகர்ந்துவிட்டது. 2பி, 4பி, 6பி பென்சில், சார்கோல், இங்க் எல்லாம் வாங்கி வைத்திருக்கிறேன். எதை வைத்து, எப்படிப் பழகுவது?"

தம்பி, கேள்வியோடு நீங்கள் அனுப்பிய மூன்று படங்களையும் பார்த்தேன். தூணில் இருக்கும் குதிரை, பித்தளைச் சொம்பு, வீட்டுப் படிக்கட்டு. கை நன்றாகவே ஓடுகிறது, அளவுகளும் பெரிதாகத் தப்பவில்லை. மூன்றிலும் ஒரே குறைதான். முதலில் வெளிக்கோட்டை முழுசாகப் போட்டு முடித்துவிட்டு, அப்புறம் அதற்குள் பென்சிலைத் தேய்த்து விரலால் இழுத்திருக்கிறீர்கள். நிழல் உங்களுக்குக் கடைசியில் பூசுகிற பவுடர் ஆகிவிட்டது. அதை முதல் வேலையாக மாற்ற வேண்டும், அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த "அவ்வளவுதான்" பழக ஆறேழு ஞாயிறு ஆகும்.

போட்டோவில் வருவது நேரில் ஏன் வரவில்லை என்று முதலில் சொல்கிறேன், ஏனென்றால் இது புரியாமல் எந்தப் பென்சில் வாங்கினாலும் பயன் இல்லை. நாம் இருட்டான இடத்தை உற்றுப் பார்க்கும்போது கண்ணின் பாப்பா விரிகிறது, விழித்திரையும் அந்த இருட்டுக்குத் தன்னைப் பழக்கிக்கொள்கிறது. அதனால் இருட்டுக்குள்ளே இருக்கும் சின்னச் சின்ன விஷயம்கூடத் தெரிய ஆரம்பித்துவிடும். வெளிச்சமான பக்கம் பார்வையைத் திருப்பினால் பாப்பா சுருங்கி, அங்கேயும் எல்லாம் தெரியும். இப்படி ஒவ்வொரு இடத்தையும் தனித்தனியாகப் பார்த்துப் பார்த்து வரைந்தால் இருட்டும் நடுத்தரச் சாம்பல், வெளிச்சமும் நடுத்தரச் சாம்பல். மொத்தப் படமும் ஒரே சாம்பல். போட்டோவில் எது இருட்டு, எது வெளிச்சம் என்ற தேர்வை மொபைல் கேமரா உங்களுக்காக ஏற்கெனவே செய்து தட்டையான தாளில் வைத்துவிடுகிறது, நீங்கள் நகல் எடுத்தால் போதும். நேரில் அந்தத் தேர்வை நீங்களே செய்தாக வேண்டும்.

அதற்கு வழி, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது. வெயிலில் தூரத்தில் வருவது யார் என்று இமையை இடுக்கிப் பார்ப்போமே, அப்படி. சுருக்கியதும் நுணுக்கங்கள் மறைந்து இரண்டே பகுதிகள் மிஞ்சும், விளக்கு படுகிற பக்கமும் படாத பக்கமும். இரண்டுக்கும் நடுவே ஓடும் எல்லைதான் நீங்கள் முதலில் வரைய வேண்டிய கோடு. வெளிக்கோட்டைவிட அதுதான் முக்கியம். தேசப்படத்தில் மாவட்ட எல்லை போடுவது போல அந்த எல்லையை மெல்லிய கோடாகப் போட்டுவிட்டு, நிழல் பக்கம் முழுவதையும் ஒரே தொனியில், அதாவது ஒரே அளவுக் கறுப்பில், மேடு பள்ளம் பார்க்காமல், நிரப்பிவிடுங்கள். அந்த நிமிடமே பொருள் தாளை விட்டு எழும்புவதைப் பார்ப்பீர்கள்.

சரி, எதை வரைவது? ஓவியக் கல்லூரிகளில் பிளாஸ்டர் உருண்டை வைத்திருப்பார்கள். நமக்கு அது வேண்டாம். திருவிழாக் கடையில் விற்கிற மண் உண்டியல் ஒன்று வாங்கிச் சுண்ணாம்பு இரண்டு கோட் அடித்துக் காயவையுங்கள். பளபளப்பு இல்லை, நிறம் இல்லை, உருண்டை மட்டும் இருக்கிறது. பழகுவதற்கு இதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியவில்லை, 20 வருஷமாக என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு இதைத்தான் கொடுக்கிறேன். அறையில் டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், அது நீளமான விளக்கு என்பதால் நிழலைக் கலைத்துவிடும். ஜன்னலில் தடித்த லுங்கி ஒன்றைக் கட்டி மறைத்துவிட்டு, ஒரே ஒரு டேபிள் லேம்ப்பை இடது பக்கம், உண்டியலுக்குச் சற்று மேலே வையுங்கள். நீங்கள் இடதுகைக்காரர் என்றால் வலது பக்கம்.

இப்போது பத்து நிமிடம் வரையாமல் பாருங்கள். விளக்குக்கு நேராக இருக்கும் இடம் மிக வெளிச்சம். அங்கிருந்து மெதுவாக மங்கிக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் வெளிச்சம் நின்றுபோகிறது. மிகவும் கறுப்பான பட்டை உருண்டையின் ஓரத்தில் இருக்காது, அந்த எல்லையை ஒட்டி உட்புறமாக இருக்கும். ஓரத்துக்குப் போகப் போக நிழல் கொஞ்சம் தெளியும், ஏனென்றால் மேஜையில் பட்ட வெளிச்சம் திரும்பி எழுந்து உண்டியலின் வயிற்றில் படுகிறது. அடியில் ஒரு சிவப்புத் துணியை விரித்துப் பாருங்கள், சுண்ணாம்பு வெள்ளையில் சிவப்பு ஏறுவது கண்ணுக்கே தெரியும். உண்டியல் மேஜையைத் தொடுகிற இடத்தில் மட்டும் எந்த வெளிச்சமும் நுழைய முடியாத ஒரு மெல்லிய கறுப்புக் கீற்று இருக்கும். அந்தக் கீற்றைப் போடாததால்தான் உங்கள் சொம்பு தரையில் உட்காராமல் மிதக்கிறது.

இங்கே எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று. அந்தத் திரும்பி வரும் வெளிச்சம் அழகாக இருக்கிறதே என்று அதை வெள்ளை வெளேரென்று விட்டுவிடுவது. அது நிழலுக்குள் இருக்கும் வெளிச்சம், தம்பி. சுண்ணாம்பு அடித்த உண்டியலில் ஒற்றை விளக்கு வைத்தால், நிழல் பக்கத்தின் மிகத் தெளிவான இடம்கூட வெளிச்சப் பக்கத்தின் மிக மங்கலான இடத்தைவிட ஒரு படி கறுப்பாகத்தான் இருக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் கண்ணைச் சுருக்குங்கள், அந்த எதிரொளி நிழலோடு போய்ச் சேர்ந்துகொள்ளும்.

முதல் இரண்டு ஞாயிறு மூன்று தொனி மட்டும். தாளின் வெள்ளை, 2பி-யில் ஒரு சாம்பல், 6பி-யில் ஒரு கறுப்பு. ஒரு படத்துக்கு 20 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம், விளக்கை இடம் மாற்றி அடுத்ததைத் தொடங்குங்கள். விளக்கை உண்டியலுக்குப் பின்னால் வைத்து ஒரு படம் கட்டாயம் போடுங்கள்.

அப்புறம் பொருட்களுக்கு வருவோம். பென்சிலில் உங்களுக்கு ஆழமான கறுப்பு வரவில்லை என்பது படத்திலேயே தெரிகிறது, அழுத்தித் தேய்த்த இடம் பளபளக்கிறது. அது பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைட்டின் குணம், எவ்வளவு அழுத்தினாலும் ஒரு கட்டத்துக்கு மேல் கறுக்காது, மினுங்கத்தான் செய்யும். கரிக்கு, அதாவது நீங்கள் வாங்கிய சார்கோலுக்கு, அந்தக் குறை கிடையாது. அதனால் மூன்றாவது ஞாயிறு கரியை எடுங்கள், ஆனால் தலைகீழாக. கொஞ்சம் சொரசொரப்பான தாள் முழுவதும் கரியை லேசாகத் தடவித் துணியால் துடைத்து ஒரு சாம்பல் பரப்பு செய்துகொள்ளுங்கள். விரல் வேண்டவே வேண்டாம், தோலின் எண்ணெய் பட்ட இடத்தில் கரி திட்டுத் திட்டாகப் பிடித்துக்கொள்ளும். அந்தச் சாம்பலிலிருந்து வெளிச்சத்தை ரப்பரால் எடுங்கள், இருட்டைக் கரியால் போடுங்கள். கோடு போடுவதற்கே இடமில்லாததால் உங்கள் வெளிக்கோட்டுப் பழக்கம் இங்கே தானாக உடையும்.

கடைக் கரி விலை அதிகம் என்றால் வீட்டிலேயே செய்யலாம். நம் பழைய வட ஆற்காடு ஜில்லாவோடு 1911 வரை சேர்ந்திருந்த காளஹஸ்தியில், கலம்காரி வரைகிறவர்கள் புளியங்குச்சியைக் கரித்துத்தான் துணியில் முதல் கோட்டைப் போடுகிறார்கள். விரல் நீளத்துக்குக் காய்ந்த புளியங்குச்சிகளைப் பட்டை உரித்து, ஒரு தகர டப்பாவில் நெருக்கமாக அடுக்கி, மூடியில் ஆணியால் ஒரே ஓட்டை போட்டு வெளியே விறகு நெருப்பில் வையுங்கள். ஓட்டையிலிருந்து வரும் புகை நின்றதும் எடுத்துவிடலாம். டப்பா முழுசாக ஆறும் வரை திறக்கக் கூடாது, சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டுக் கரி சாம்பலாகிவிடும்.

இன்னொரு மலிவான வழி, பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை போடுகிற பிரவுன் ஷீட். அதன் நிறமே நடுத்தொனி. கரியால் இருட்டு, வெள்ளைச் சாக்பீஸால் வெளிச்சம், நடுவில் தாளை அப்படியே விட்டுவிட வேண்டும். கரியும் சாக்பீஸும் ஒன்றையொன்று தொட்டால் அழுக்குச் சாம்பல் ஆகிவிடும், இரண்டுக்கும் நடுவே பிரவுன் தெரியட்டும்.

பால்பாயிண்ட் பேனாவும் இங்க்கும் அதற்கு அடுத்து. பேனாவில் அழிக்க முடியாது, தேய்க்க முடியாது, தொனி வேண்டும் என்றால் கோடுகளை நெருக்கியும் விலக்கியும்தான் கொண்டுவர வேண்டும். கோவில் சிற்பங்களை வரைந்த சில்பியின் கறுப்பு வெள்ளைப் படங்கள் பழைய ஆனந்த விகடன் தொகுப்புகளில் கிடைக்கும், ஒன்றை எடுத்து அவர் எந்த இடத்தைக் கறுப்பாக நிரப்பினார், எந்த இடத்தை ஒன்றுமே போடாமல் விட்டார் என்று பாருங்கள். விட்ட இடம் எவ்வளவு என்பதுதான் உங்களுக்குப் பாடம். இங்க்கைத் தண்ணீரில் மூன்று கிண்ணமாகக் கலக்கித் தூரிகையால் பூசுவதை நான் கடைசியாக வைத்திருக்கிறேன், காரணம் ஈரத்தில் ஒருமுறை வைத்த தொனியைத் திருத்த முடியாது, அதற்குள் கண் பழகியிருக்க வேண்டும்.

உங்கள் வேலையிடத்திலேயே ஒரு பெரிய பாடம் கிடக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். வெட்டிப் போட்ட தோல் துண்டுகளில் ஒரு ஸ்வேட் (பூம்பஞ்சு போன்ற தோல்), ஒரு சாதாரண கிரெயின் தோல், ஒரு பேட்டன்ட் (கண்ணாடி போல் பளபளக்கும் தோல்), மூன்றும் கறுப்பு நிறத்திலேயே, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே மாதிரி வளைத்து ஒரே விளக்கின் கீழே வையுங்கள். ஸ்வேட்டில் ஹைலைட்டே, அதாவது வெளிச்சம் மின்னும் இடமே, இருக்காது, கறுப்பு மெல்லச் சாம்பலாகும், அவ்வளவுதான். கிரெயினில் வளைவின் முதுகில் ஒரு மங்கலான பட்டை ஓடும், ஓரம் கலைந்திருக்கும். பேட்டன்டில் அதே இடத்தில் கத்தியால் வெட்டியது போல ஒரு வெள்ளைத் துண்டு, அதற்குள் உற்றுப் பார்த்தால் லேம்ப்பின் வடிவமே தெரியும், அதை ஒட்டி உடனே கடுங்கறுப்பு. மூன்றுக்கும் வடிவமும் நிறமும் ஒன்றுதான். வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் எவ்வளவு தூரம், நடுவில் எல்லை கூர்மையா மங்கலா என்பதில்தான் பொருளின் தன்மை இருக்கிறது. இதைப் பழகிவிட்டால் பித்தளைச் சொம்பும் மண்பானையும் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயும் உங்களுக்கு ஒரே கணக்குதான். அந்தக் கத்தரிக்காயை ஒருமுறை கட்டாயம் வரையுங்கள், 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த நம்ம ஊர்க் காய், பளபளக்கிற தோலும் பளபளப்பே இல்லாத முள் காம்பும் ஒரே பொருளில் இருக்கிறது.

இனி கோட்டை. சூரியன் ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை நகர்கிறது, நீங்கள் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் அது உங்களுக்காக நிற்கப்போவதில்லை. போனதும் முதல் பத்து நிமிடத்தில் நிழல்களின் எல்லையை மட்டும் போட்டுத் தட்டையாக நிரப்பிவிடுங்கள், தாளின் ஓரத்தில் மணியை எழுதுங்கள். அதற்குப் பிறகு நிழல் எங்கே போனாலும் படத்தில் மாற்றாதீர்கள், குதிரையின் கடிவாளமும் வீரனின் முகமும் பார்த்து உள்ளே சேர்க்க மட்டும் செய்யுங்கள். ஒன்றரை மணி நேரத்தில் எழுந்துவிடுங்கள். மிச்சத்தை அடுத்த ஞாயிறு அதே மணிக்கு முடிக்கலாம், ஒரு வாரத்தில் வரும் வித்தியாசம் கண்ணை உறுத்தாது.

காலை 7 மணிக்கே போய்விடுங்கள். நம் ஊர் ஏறக்குறைய 13 பாகை வடக்கில் இருப்பதால் ஏப்ரல் கடைசியில் உச்சி வெயில் சரியாகத் தலைக்கு மேலே நிற்கும், நிழல் காலடியிலேயே சுருண்டுவிடும், வரைவதற்கு ஒன்றும் மிஞ்சாது. டிசம்பரில் நண்பகலில்கூடத் தெற்குப் பக்கம் சாய்ந்த வெயில் கிடைக்கும், நாள் முழுக்க உட்காரலாம். இதோடு சேர்த்து இன்னொன்று. ஐரோப்பியப் பாடங்களில் வடக்கு ஜன்னல் வெளிச்சம்தான் மாறாதது என்று எழுதியிருக்கும். இங்கே மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலில் நேர் வெயில் விழும், ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியனே வடக்கில்தான் இருக்கும். அந்த மாதங்களில் வீட்டில் வரைய லேம்ப்பை நம்புங்கள்.

மண்டபத்தில் உட்காரும்போது வெயில் தாளில் படாமல் திரும்பி உட்காருங்கள். வெயில் பட்ட தாள் கண்ணைக் கூசும், நீங்கள் தேவைக்கு மேல் கறுப்பாகப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்ததும் வருத்தப்படுவீர்கள். உள்ளே ஒதுங்கிய தூண்களைக் கவனித்தால், யாளியின் தாடையும் குதிரையின் வயிறும் கீழிருந்து வெளிச்சம் வாங்குவது தெரியும். வெளி முற்றத்துக் கல்தரையில் பட்ட வெயில்தான் எகிறி உள்ளே வருகிறது, உண்டியலின் வயிற்றில் மேஜை செய்த அதே வேலை. தரையில் விழுந்த தூண் நிழலையும் பாருங்கள். அடியில் எல்லை கூர்மையாக இருக்கும், நுனிக்குப் போகப் போகக் கலையும். சூரியன் புள்ளி இல்லை, அரைப் பாகை அகலமுள்ள வட்டு என்பதால், நிழல் விழுகிற தூரம் ஒரு மீட்டர் கூடினால் அந்தக் கலைந்த ஓரம் சுமார் 9 மில்லிமீட்டர் அகலமாகும். உங்கள் குதிரைத் தூண் படத்தில் நிழலின் இரண்டு முனையும் ஒரே கூர்மையில் இருந்தது, அதனால்தான் அது நிழலாகத் தெரியாமல் கறுப்புத் துணி விரித்த மாதிரி தெரிந்தது.

உண்டியல் படங்களை அழிக்காமல், கிழிக்காமல், தேதியும் விளக்கு இருந்த பக்கமும் எழுதி ஒரு கட்டாக வையுங்கள். கரிப் படங்களுக்கு நடுவே பழைய நியூஸ்பேப்பரைச் சொருகாதீர்கள், அச்சு மை ஒட்டிக்கொள்ளும், பட்டர் பேப்பர் போதும். ஆறு ஞாயிறு முடிந்ததும் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் மட்டும் எனக்கு அனுப்புங்கள் தம்பி, மொபைலில் ஃபிளாஷ் போடாமல் ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்து.